எனக்குப் பிடிக்காத அழகர்சாமி

ஸ்ரீ விஜயபுரம்,
அந்தமான்,
8 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அப்பா,

போனில் பேசினால் அம்மா பக்கத்தில் வந்து நிற்கிறாள். அதனால் இந்தக் கடிதம். கார் நிக்கோபார் தீவு வேலையை இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தீர்களாமே! உங்கள் ஆபீஸ்காரர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து அம்மா வீட்டில் எதையாவது இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறாள். நேற்று பள்ளி விட்டு வந்தால், ஷோகேஸில் உங்கள் அழகர்சாமி கேசட் ஒன்றுகூட இல்லை. அபர்டீன் பஜாரில் உதுமான் மாமாவின் பழைய சாமான் கடையில் கொடுத்துவிட்டாளாம்.

அந்த நாடகப் பாட்டுக்காரரை எனக்கு ஆகவே ஆகாது. கப்பல் சங்கு மாதிரி ஒரு குரல். ஆனால் அவர் இல்லாத வீட்டுக்கு நீங்கள் வரவே மாட்டீர்களோ என்று பயமாக இருக்கிறது. படிக்க உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன்.

உங்கள் சௌமியா

*

கார் நிக்கோபார்,
23 ஆகஸ்ட் 2025

அன்பு மகள் சௌமியாவுக்கு,

இங்கே விடாத மழை. கப்பல் தாமதம், உன் கடிதமும் தாமதம். கேசட் போனால் போகட்டும். நீ படி. அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா?

அப்பா

*

ஸ்ரீ விஜயபுரம்,
5 செப்டம்பர் 2025

அன்புள்ள அப்பா,

மூன்றே வரியா? வருவீர்களா மாட்டீர்களா என்பதற்குப் பதிலே இல்லை.

நானே கடைக்குப் போனேன். என் கதைப் புத்தகங்களைக் கொடுத்து அழகர்சாமியைக் கேட்டேன். உதுமான் மாமா சிரித்தார். “அரே பேட்டி, மகளே, உன் அம்மா மூட்டையா கொண்டாந்து கொட்டினாங்க. நீ ஒண்ணொண்ணா தூக்கிட்டுப் போறியா? உனக்கு இந்த ஆளைப் பிடிக்குமா?” என்றார். “சுத்தமா பிடிக்காது” என்றேன். “அப்போ எதுக்கு?” புத்தகங்களை அவர் பக்கம் தள்ளிவிட்டு, நாலு கேசட்டை எடுத்து வந்தேன்.

டேப் ரெக்கார்டரை மட்டும் அம்மா விற்கவில்லை. ஒரு கேசட்டைப் போட்டேன். கரண்டியோடு ஓடி வந்தாள். “நிறுத்துடி!” நிறுத்தினேன். “பாதியில ஏன்டி நிறுத்தின?” என்று அதற்கும் திட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். மீதிப் பாட்டு சமையலறையிலிருந்து அவள் குரலில் மெதுவாகக் கேட்டது. உங்கள் பாட்டு அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

சௌமியா

*

கார் நிக்கோபார்,
19 செப்டம்பர் 2025

சௌமி கண்ணு,

அவை என் கேசட்டுகள் இல்லை. உன் அம்மாவுடையவை. எனக்கும் அந்தக் குரல் ஆகாது.

கல்யாணமான புதிதில் அவள் மதுரையிலிருந்து வந்து, பேச ஆளில்லாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். அழகர்சாமி பாடினால் மட்டும் முகம் மாறும். மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போகிறவர்கள், கப்பலில் ஏற்ற முடியாததை வாசலில் பரப்பி விற்பார்கள் இல்லையா? ஒரு வாசல் விடாமல் போய், அழகர்சாமி இருக்கிறாரா என்று கேட்டு வாங்கி வருவேன். பக்கத்திலேயே உட்கார்ந்து, ரசிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்வேன்.

போன லீவில், “நீங்க இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்” என்றாள். அந்தக் கோபத்தில் எழுதிக் கொடுத்தேன். ஆர்டர் இன்னும் வரவில்லை. வேண்டாம் என்று சொல்ல இப்போதும் வழி இருக்கிறது. ஆனால் அவள் என்ன நினைக்கிறாள் என்று தெரியவில்லை.

போன வாரம் இங்கே ஏர்ஃபோர்ஸ்காரர் ஒருவர் மாற்றலாகிப் போனார். அவர் வாசலில் ஒரு அழகர்சாமி கிடந்தது. கை சும்மா இருக்கவில்லை, வாங்கிவிட்டேன். போட்டுப் பார்க்க இங்கே எதுவும் இல்லை. அட்டையில் ஒரு கிளி. இது அவளிடம் இருக்கிறதா என்று கேள். இல்லையென்றால் தபாலில் அனுப்புகிறேன்.

அப்பா

*

ஸ்ரீ விஜயபுரம்,
30 செப்டம்பர் 2025

அன்புள்ள அப்பா,

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதம் முழுவதையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டிவிட்டேன்.

‘ஜன்னலோரம்’ என்ற இடம் வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ‘ரசிப்பதுபோல்’ வந்ததும், “பொய்! வாயைப் பொத்திக்கிட்டுக் கொட்டாவி விடுவாரு. எனக்குத் தெரியாதாக்கும்” என்றாள்.

கிளி அட்டை அவளிடம் இல்லையாம். தபாலில் போடவே கூடாதாம், மழையில் டேப்புக்குப் பூஞ்சை பிடித்துவிடுமாம். “கையில கொண்டுவரச் சொல்லு” என்றாள். உதுமான் மாமாவிடம் மிச்சமிருந்ததையெல்லாம் இன்று அவளே போய்த் தூக்கி வந்துவிட்டாள். என் கதைப் புத்தகங்களையும்தான்.

நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தாள். கடைசியில் சொன்னாள்:

“அந்த மனுஷன் போகவர டிக்கெட் எடுத்துடப் போறாரு. வர மட்டும் எடுக்கச் சொல்லி எழுது.”

எழுதிவிட்டேன், அப்பா.

சௌமியா