மேசையில் விழுந்த வெள்ளை வட்டம்

என் வீட்டு அதிகாரிக்கு,

நான் நலம். உன் கழுத்துவலி குறைந்ததா? சின்னவள் அழாமல் பள்ளிக்குப் போகிறாளா?

போன வாரம் இங்கே ஒரு கூத்து. அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியை அப்படியே, வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மாவின் வார்னிஷ் மேசையில் வைத்துவிட்டேன். எடுத்துப் பார்த்தால் வெள்ளையாக ஒரு வட்டம். பயப்படாதே. பன்னிரண்டு வருஷம் லாரிக்குப் பெயின்ட் அடித்த கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா? உப்புத்தாளால் இதமாகத் தேய்த்து, அந்த இடத்துக்கு மட்டும் வார்னிஷ் அடித்தேன். வட்டம் போய்விட்டது. ஆனால் அந்த இடம் மட்டும் புது லாரிக் கதவு போலப் பளபளத்து என்னைக் காட்டிக்கொடுத்தது. வேறு வழியில்லாமல் ஞாயிறு முழுக்க உட்கார்ந்து மேசை மொத்தத்தையும் தேய்த்து அடித்தேன்.

சட்டி வைத்த கதையைச் சொன்னதும் வீட்டுக்காரம்மா மேசையைத் தடவிப் பார்த்துவிட்டு, "வாங்கின அன்னைக்குக்கூட இது இப்படி மின்னலையே! ஆமா, சட்டி எப்படி மேசைக்கு வந்துச்சு?" என்றார்.

"தட்டு கழுவச் சோம்பல்மா" என்று சமாளித்தேன். உண்மையில், ஒரு ஆளுக்கு எதற்குத் தட்டு என்று சட்டியிலேயே சாப்பிடுகிறேன். உனக்கு மட்டும் சொல்கிறேன், திட்டாதே.

சட்டிக்கு அடியில் வைக்க, நீ பழந்துணியில் பின்னுவாயே, அந்தப் பிரிமணை இரண்டு அனுப்பு. ஒரு சட்டிக்கு எதற்கு இரண்டு என்பாய். இன்னொன்று எதிர் நாற்காலிப் பக்கம், நீ வரும் நாளைக்கு. அந்தப் பக்கம் மேசை வீணாகப் பளபளக்கிறது.

வேலை வண்டி ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன்.

உன் பெயின்டர்