நிமிர்ந்து நின்ற கதிர்கள்

கமிசவா
18 நவம்பர் 1993

திரு. ஓயிகாவா இசாமு அவர்களுக்கு,

கடிதத்தின் முதல் வரியில் பருவம் விசாரிப்பது நம் வழக்கம். எனக்கு விசாரிக்க மனமில்லை. இது மனைவி எழுதும் கடிதமும் இல்லை. கமிசவா ஊரின் விதைக் குழுத் தலைவி என்ற முறையில் எழுதுகிறேன்.

இந்த வருடம் கோடை வரவேயில்லை. ஜூலையில் கடல் பக்கமிருந்து குளிர்காற்று இறங்கியது. ஆகஸ்டிலும் கணப்பு மூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். செப்டம்பரில் பார்த்தால் வயல் முழுக்கக் கதிர்கள் விறைத்து நிமிர்ந்து நிற்கின்றன. மணி பிடித்த கதிர் தலை சாயும் என்பது உங்களுக்குத் தெரியாததா? இருபத்தெட்டு வீட்டு வயலும் பதர். விதைக்கென்று எடுத்து வைக்க ஒரு படி நெல் தேறவில்லை.

குளிர் தாங்கும் புது ரகத்தில் நாற்பது கிலோ கிடைத்திருக்கிறது. அதை ஜனவரியில் நட்டுப் பெருக்கி, மே மாதத்துக்குள் அறுத்துத் தந்தால்தான் எங்களால் நாற்று விட முடியும். ஜனவரியில் இங்கே இடுப்பளவு பனி. அந்த மாதத்தில் நடவு நடக்க வேண்டுமென்றால் உங்கள் தெற்குத் தீவுக்குத்தான் போக வேண்டும்.

கூட்டத்தில் உங்கள் பெயர் வந்ததும் மேல்வீட்டு ஜின்பெய் கிழவர் எழுந்துவிட்டார். "மடையத் தொறந்து விட்டுட்டு ஓடிப்போனவன் கையிலயா நம்ம விதையக் குடுக்கறது? அதுக்குப் பேசாம கோழிக்குப் போட்டுட்டுப் போவோம்!" நானும் அவர் பக்கம்தான் பேசினேன். வேறு ஆள் கிடைக்காததால் எழுதுகிறேன். முடியுமா, முடியாதா? அதை மட்டும் எழுதுங்கள்.

ஓயிகாவா கினு
விதைக் குழுத் தலைவி


30 நவம்பர் 1993

கினுவுக்கு,

இங்கே நல்ல வெயில். விசாரிக்காததற்கு நன்றி.

விதையை அனுப்பு. ஒரு ஹெக்டேர் குத்தகைக்கு வைத்திருக்கிறேன். என் முதல் போகத்தை விட்டுவிட்டு அதில் நட்டுத் தருகிறேன்.

உங்கள் கோடை எங்கே போனதென்று இங்கிருக்கும் வேளாண்மை அலுவலரைக் கேட்டேன். "பிலிப்பைன்ஸ்ல ரெண்டு வருஷம் முன்னாடி எரிமலை வெடிச்சுதில்ல? அந்தப் புகை வானத்து உச்சியில உலகம் பூரா பரவி நின்னு போச்சுங்க. சூரியனுக்குத் திரை கட்டுன மாதிரி. குளுந்த கடல்காத்தும் அதோட சேந்துக்கிட்டா நெல்லு என்னங்க பண்ணும்?" என்றார். எங்கோ ஒரு மலை வெடித்தால் கமிசவாவில் பதர் விளைகிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்த ஜூலையில் மடை காத்தது யார்? வயலில் எவ்வளவு தண்ணீர் நின்றது?

இசாமு


கமிசவா
10 டிசம்பர் 1993

திரு. ஓயிகாவா இசாமு அவர்களுக்கு,

எரிமலைக் கதை நன்றாக இருந்தது. அப்படியே இதையும் அந்த அலுவலரிடம் கேட்டு எழுதுங்கள். 1980-இல் எந்த மலை வெடித்தது? அந்த ஜூலையில் மடைப் பலகையைத் தூக்கிவிட்டுக் குடிக்கப் போனது எரிமலையா?

தண்டுக்குள் பிஞ்சுக் கதிர் இருக்கும் பத்துப் பன்னிரண்டு நாள், குளிர் தாக்காமல் முழங்கை ஆழம் தண்ணீர் நிறுத்த வேண்டும். இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். மடை காக்கும் உங்கள் முறை வந்த நாளில் வயல் வடிந்து கிடந்தது. ஊரே பதர் அறுத்தது. நீங்கள் வேலை தேடிப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவர்தான்.

அதன் பிறகு உங்கள் அப்பாவுக்குக் கைகால் விழுந்தது. ஆறு வருடம் நான் தூக்கிக் குளிப்பாட்டினேன். நம் ஐந்து வயது மகள் மிச்சியைப் பள்ளியில் "மடைக்காரன் மவ" என்றுதான் கூப்பிட்டார்கள். மடைக் கொட்டகையில் காவல் முறை காட்ட இருபத்தெட்டு வீட்டுப் பெயர்க்கட்டைகளும் தொங்குகின்றனவே, அதில் உங்களுடையது மட்டும் இன்றைக்கும் சுவரைப் பார்த்துத் திரும்பித்தான் இருக்கிறது.

விதை அனுப்பியாகிவிட்டது. ஒரு மணி வீணானாலும் பதில் சொல்ல வேண்டும்.

ஓயிகாவா கினு
விதைக் குழுத் தலைவி


6 மார்ச் 1994

கினுவுக்கு,

ஜனவரியில் நட்டது தேறிவிட்டது. உங்கள் ஊர் விதையும் உன்னைப் போல அவசரக்காரி. இந்தச் சூட்டைக் கண்டதும் முழங்கால் உயரத்திலேயே கதிர் தள்ளப் பார்க்கிறது. பக்கத்து வயல்காரர் வந்து பார்த்துவிட்டு, "என்னய்யா, பொம்மை நெல்லா?" என்று சிரிக்கிறார். விளைச்சல் குறையும். ஆனாலும் விதைக்குப் போதும்.

குடிக்கப் போனது உண்மை. காலை பத்து மணிக்குப் போனேன், நான்கு மணிக்குத் திரும்பினேன். அந்த வருடம் எரிமலை எதுவும் தேவைப்படவில்லை. வடக்குக் கடலில் குளிர்ந்த காற்று நகராமல் உட்கார்ந்துகொண்டால் அதுவே போதும் என்கிறார் அலுவலர். ஆறு மணி நேரம் தண்ணீர் இல்லாததால் ஒரு ஊரின் நெல் சாகுமா? இதைப் பதின்மூன்று வருடமாக எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் சொல்லக்கூடியவள் நீ ஒருத்திதான். போன ஜூலையில் தண்ணீர் குறையாமல் நீ மடை காத்திருப்பாய், எனக்குத் தெரியும். அப்படியிருந்தும் உன் வயலிலும் பதர்தானா? அதைத் தெரிந்துகொண்டால் நான் ஊர் திரும்பலாமா என்பதும் தெரிந்துவிடும்.

இசாமு


கமிசவா
20 மார்ச் 1994

திரு. ஓயிகாவா இசாமு அவர்களுக்கு,

நெல் விளைவிக்கிற நாங்கள் வெளிநாட்டு அரிசிக்குக் கடை வாசலில் வரிசையில் நிற்கிறோம். உங்களுக்கு ஊர் திரும்பும் யோசனை.

விதை வரட்டும். அந்தக் கேள்வியை இன்னொரு முறை கேட்டால் கடிதத்தைப் பிரிக்காமலே அடுப்பில் போட்டுவிடுவேன்.

ஓயிகாவா கினு
விதைக் குழுத் தலைவி


9 மே 1994

கினுவுக்கு,

அறுத்துக் காயவைத்து எழுபது மூட்டை இன்று கப்பலில் ஏற்றினேன். கதிரெல்லாம் தலை சாய்ந்துதான் இருந்தது. கேள்வி எதுவும் கேட்கவில்லை.

இசாமு


கமிசவா
24 மே 1994

இசாமு அவர்களுக்கு,

இங்கே பனி உருகி வாய்க்கால் நிறைய ஓடுகிறது. பகலில் நல்ல வெயில். அங்கே மழைக்காலம் தொடங்கியிருக்கும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுபது மூட்டையும் நனையாமல் வந்து சேர்ந்தது. நாற்று விட்டாயிற்று.

கேட்ட கேள்விக்குப் பதில். போன ஜூலையில் குளிர் இறங்கிய பன்னிரண்டு நாளும் மடை காத்தது நான். யார் முறையையும் நம்பவில்லை. முழங்கை ஆழத்துக்கு ஒரு விரல் குறையவில்லை. ஆனால் அந்தத் தண்ணீரே கையை வைக்க முடியாதபடி ஜில்லென்று இருந்தது. கடைசியில் ஊரிலேயே முதலில் நிமிர்ந்து நின்றது என் வயல் கதிர்தான். உங்கள் ஆறு மணி நேரத்தால் எதுவும் கெட்டிருக்காது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

எட்டு மாதம் அதைச் சொல்லாமல் இருந்தேன். சொல்லப் பிடிக்கவில்லை. உங்கள் மேல் கோபப்பட்டுக்கொண்டேதான் தினமும் எழுந்து வேலை பார்த்திருக்கிறேன். அதுவும் போய்விட்டால் என்ன செய்வதென்று பயமாக இருந்தது.

நேற்றுக் கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டேன். "அவரு மடையத் தொறந்ததால நெல்லு போகல. போன வருஷம் நான் இறுக்கி அடைச்சு வச்சிருந்தும் போச்சு." ஜின்பெய் கிழவர் இந்தத் தடவை எழுந்திருக்கவில்லை. "அப்ப இத்தன வருஷமா நாம யாரத் திட்டிக்கிட்டிருந்தோம்?" என்றார். கொட்டகைக்குப் போய் உங்கள் பெயர்க்கட்டையை நானே திருப்பி மாட்டினேன்.

நெல் விஷயம் இதோடு தீர்ந்தது. நம் விஷயம் தீரவில்லை.

ஊர் விரட்டியதால்தான் வரவில்லை என்று நீங்கள் இருந்தீர்கள். மிச்சியிடமும் அப்படித்தான் சொல்லி வளர்த்தேன். இனி உங்களுக்கும் அந்தச் சாக்கு இல்லை, எனக்கும் இல்லை. நெல்லைக் கொன்றது குளிர். ஐந்து வயதுக் குழந்தையையும் என்னையும் விட்டுப் போக வைத்தது எந்தக் கடல்காற்று? அந்த அலுவலரிடம் இதற்குப் பதில் இருக்காது.

ஜூலை பதினெட்டு உங்கள் முறை. வருவதானால் நேராக மடைக்குப் போங்கள். கொட்டகையில் பாய் இருக்கிறது, சோறு யார் கையிலாவது கொடுத்து அனுப்புகிறேன். வீட்டுப் பக்கம் வர வேண்டாம். வராவிட்டாலும் ஒன்றுமில்லை. பதின்மூன்று வருடமாக உங்கள் முறையையும் நான்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கினு