பயறளவு நல்ல சதை

அலெக்சந்திரியாவில் தைலக்கடையில் வேலை பார்க்கும் மூத்த மகன் அசரியாவுக்கு, அம்மா மில்காள் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் நானும் உன் தங்கை தீர்சாளும் சுகம், ஆடுகளும் சுகம், நீயும் அங்கே சுகமாயிருக்க வேண்டும். அப்பா எப்படி என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன், படித்தால் உனக்குக் கோபம் வரும், வரட்டும், எனக்கு ஒரு வாரமாக வந்துகொண்டுதான் இருக்கிறது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எதற்கப்பா அந்த மருந்து ஜாடியை அனுப்பினாய்? அதுவும் வீட்டுக்கு அனுப்பாமல், ஒட்டகக்காரனிடம் சொல்லி நேரே அப்பாவின் குகை வாசலில் வைக்கச் சொல்லி!

அப்பாவை ஊருக்கு வெளியே அனுப்பி ஒன்றரை வருஷம் ஆகிறது. முதலில் முதுகில் தேமல் மாதிரி ஒரு வெள்ளை, ஆசாரியர் மல்கியா பார்த்துவிட்டுக் குஷ்டம், தீட்டு என்றார். பிறகு மார்பு, வயிறு, கால் என்று பரவியது. நான் ரொட்டி கொண்டுபோனால் தூரத்திலேயே "தீட்டு, தீட்டு" என்று முறைப்படி கத்துவார், அதே மூச்சில் "உப்பு கொண்டாந்தியா?" என்பார். பாதி உடம்புக்கு மேல் போனதும் மல்கியாதான் என்னிடம் சொன்னார், "இனிமே பரவுறது நின்னாத்தான் கஷ்டம்மா. தலையிலேருந்து கால் வரைக்கும் ஒரு இடம் விடாம வெளுத்துட்டா அவர் சுத்தம், வீட்டுக்கு வரலாம்னு மோசே சட்டத்துல எழுதி வெச்சிருக்கார். நடுவுல பயறளவு நல்ல சதை தெரிஞ்சாலும் தீட்டுதான்." ஏன் அப்படி என்று கேட்டேன். "எழுதினது அப்படிம்மா" என்றார்.

அன்றிலிருந்து எந்தப் பெண்டாட்டியும் புருஷனுக்காகக் கேட்காததை நான் கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரி "குணமாகணும்னு ஜெபம் பண்ணு" என்பாள், நான் தலையாட்டிவிட்டு உள்ளே போய், இன்னும் பரவட்டும், சீக்கிரம் பரவட்டும் என்று அழுவேன். போன மழைக்காலத்தில் அவர் குகையில் இருமியது ஊர் வாசல் வரை கேட்டது. இன்னொரு மழையை அங்கே தாங்கமாட்டார். திராட்சை பறிக்கும் நாளில் வலது கை மட்டும்தான் பாக்கி, பிறகு அதுவும் வெளுத்தது. மல்கியா தன் முறை வந்து எருசலேம் ஆலயத்தில் ஊழியம் செய்யப் போயிருந்தார், வந்து பார்த்துச் சுத்தம் என்று சொல்ல மூன்று வாரம். நான் வீட்டைக் கழுவினேன், தீர்சாள் அப்பாவின் படுக்கையை வெயிலில் போட்டாள்.

அந்த மூன்று வாரத்தில்தான் உன் ஜாடி வந்து சேர்ந்தது. மனுஷர் என்னிடம் மூச்சுவிடவில்லை, கையைப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டே என்னோடு பேசியிருக்கிறார். மல்கியா வந்த அன்று "பாருங்க ஐயா, எம்புள்ள மருந்து!" என்று பெருமையாக நீட்டினார். புறங்கையில் மாநிறமாக நல்ல தோல். மல்கியா கண்ணை மூடிக்கொண்டு, "யாக்கீன் அண்ணே, ஏன் அண்ணே இப்படிப் பண்ணினீங்க?" என்றார், பிறகு தீட்டு என்று சொன்னார், வேறென்ன சொல்வார். எனக்கு வந்ததே ஆத்திரம். "முழுக்க நோயாளின்னா வீட்டுக்குள்ள வரலாம், முழுக்க நல்லாயிட்டாலும் வரலாம், கொஞ்சமா நல்லானவன் மட்டும் வெளிய கிடக்கணுமா?" என்று கத்தினேன். அப்பா, "கத்தாதடி மில்கா, இனிமே பூசல, தானா வெளுத்துடும்" என்று ஜாடியைப் பாறைமேல் வைத்துவிட்டு விலகிப்போனார். போய் உட்கார்ந்து அந்தக் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் நான் பார்த்த கை அது.

மழைக்கு முன் மல்கியா இன்னொரு தடவை வந்து பார்ப்பார். இதற்குள் ஓரமெல்லாம் வெளுக்க ஆரம்பித்துவிட்டது. மீதியும் வெளுக்கட்டும் என்று நான் ராப்பகலாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அசரியா, நீ அதற்குள் கிளம்பி வா. தன் பிள்ளை குணமாக்கிய இடத்தை உன்னிடம் காட்ட வேண்டும் என்று அவர் கேட்கிறார், அது இருக்கும்போதே வந்து பார்த்துவிட்டுப் போ.

ஆபிரகாமின் தேவன் வழியெல்லாம் உனக்குத் துணையிருப்பார், நீ தொடுவதெல்லாம் விளங்கட்டும். இங்கே குளிர் தொடங்கிவிட்டது, கனமான போர்வை கொண்டு வா. மருந்து ஒரு சொட்டுக்கூடக் கொண்டு வராதே.

உன்மேல் இன்னும் கோபமாகவே இருக்கும் அம்மா,
மில்காள்