ராமேசஸின் முன்னால் சொன்ன பெயர்

இஞ்சாருங்கோ, என்ரை ராசா,

ஸ்ட்ரெதம் வீட்டு ஹீட்டரைக் கவுன்சில்காரர் ஒருவழியாகத் திருத்திவிட்டார்கள். நீங்கள் எழுதிய கடிதங்களுக்கெல்லாம் அசையாதவர்கள், நீங்கள் போனபிறகு வந்து நிற்கிறார்கள். மகள் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டாள். பேச ஆளில்லாமல் உங்களுக்கே எழுதுகிறேன்.

நேற்று நீங்கள் காவல் நின்ற அருங்காட்சியகத்துக்குப் போனேன். உயிரோடு இருந்தபோது எத்தனை தரம் கூப்பிட்டீர்கள்? "கல்லைப் பாக்க ஆர் பஸ் ஏறிறது?" என்று மறுத்தவள் நான்தான்.

உங்கள் எகிப்துக் கூடத்தில் அந்தக் கல் ராசா ராமேசஸ் அப்படியேதான் இருக்கிறார். தலையும் நெஞ்சும் மட்டும்தான் மிச்சம், ஆனால் சிரிப்புக்கு ஒரு குறையும் இல்லை. வேலை முடிந்து வந்து தேத்தண்ணியோடு உட்கார்ந்தால் அவர் கதைதான் சொல்வீர்கள். அறுபத்தாறு வருடம் எகிப்தை ஆண்டது, நூறு பிள்ளைகள் பெற்றது, இழுபறியாய் முடிந்த சண்டையை வென்றதாகக் கோயில் சுவரெல்லாம் வெட்டுவித்தது. "மற்ற ராசாக்களின்ரை சிலையிலையும் தன்ரை பேரை வெட்டினவன். அதுவும் ஒருத்தரும் அழிக்க ஏலாத ஆழத்திலை" என்பீர்கள். எனக்கு அந்த மனிதரைக் கண்ணில் காட்டக்கூடாது. "சரியான புழுகன்" என்பேன்.

"புழுகன்தான். ஆனால் பேரைச் சொல்ல ஆள் இருக்கும்வரை செத்தவன் இருப்பான் எண்டு அந்தச் சனம் நம்பினது. மூவாயிரம் வருசம் கழிச்சும் அவன்ரை பேரைச் சொல்லுகினம். என்ரை பேரை நீர் ஒருக்காச் சொல்லும் பாப்பம்."

எங்கள் பக்கத்தில் எந்தப் பெண் புருசன் பெயரைச் சொன்னாள்? என் அம்மா சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டபோதுகூட ஒரு கடதாசித் துண்டில் எழுதித்தான் நீட்டினேன். கட்டிலில் கிடந்தபடி சிரித்தீர்கள். "இப்பவாவது வாயாலை சொல்லுமன்."

"சுகமாகி வீட்டை வாங்கோ, சொல்லுறன்" என்றேன். நீங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஒரு சொல்தானே, ஏன் சொல்லாமல் விட்டேன்? அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

நேற்று, உங்களோடு வேலை செய்த அந்த வயதான வெள்ளைக்காரர் என்னை அடையாளம் கண்டு வந்தார். "டெரியின் மனைவிதானே? டெரி அருமையான மனிதர்" என்றார். உங்கள் பெயர் வாயில் நுழையாமல் அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் அது. வேலையில் டெரி, மகளுக்கு அப்பா, எனக்கு இஞ்சாருங்கோ. உங்கள் அம்மாவும் போய்விட்டார். முழுப்பெயரைச் சொல்ல இந்த லண்டனில் யார் மிச்சம்? பக்கத்தில் தரையில் குந்தியிருந்து பென்சிலால் படம் கீறிய பள்ளிப் பிள்ளைகள் ராமேசஸ், ராமேசஸ் என்று கத்தினார்கள். பொறாமையில் எனக்கு நெஞ்சு எரிந்தது.

"டெரி இல்லை" என்றேன். பிறகு உங்கள் பெயரைச் சொன்னேன். கொஞ்சம் பலமாகச் சொல்லிவிட்டேன் போல, பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் திருப்பிச் சொல்லிப் பார்த்துத் தடுமாறினார். நான் இன்னொருதரம் சொன்னேன். ஐந்தாறு தரம் சொல்லிக்கொடுத்தபிறகு அவருக்கும் சரியாக வந்தது.

கலியாணம் கட்டி இருபத்திரண்டு வருடம் பிந்திவிட்டேன், கோபிக்காதேங்கோ. இனி ஒவ்வொரு நாளும் விளக்கேற்றும்போது, நான் இருக்கும் மட்டும், வாய்விட்டுச் சொல்வேன்.

இப்படிக்கு,
திருநாவுக்கரசின் மனைவி