புயலுக்குத் தொண்ணூறு, ஆமைக்கு முப்பது

மார்ச் 3

அடி கடுகு,

நலம்தானே? உன் தயவில் எனக்கு ஒப்பந்தத்தில் வேலை, சம்பளம், சுழல் நாற்காலி எல்லாம் கிடைத்துவிட்டன. நாற்காலி மட்டும் நான் உட்கார்ந்ததும் பெருமூச்சு விட்டுக்கொண்டு கீழே இறங்குகிறது. இங்குள்ள பிள்ளைகள் மரியாதை தெரிந்தவர்கள், பார்க்காத மாதிரி இருக்கிறார்கள்.

'கோச்' என்றால் ஓட்டப்பந்தயம் சொல்லிக்கொடுப்பவள் என்று என் மாமியார் தெருவெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். எதிர்வீட்டு அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பணம் அனுப்பும் செயலியைச் செய்கிற குழுக்களை உட்காரவைத்து, சண்டை போடாமல், பொய் சொல்லாமல் வேலை செய்யவைப்பதுதான் என் தொழில் என்று விளக்கினேன். "அதுக்கெல்லாமா சம்பளம் தர்றாங்க?" என்றார். பதினெட்டு வருஷமாக எனக்கும் அதே சந்தேகம்தான்.

சரி, சண்டைக்கு வருகிறேன். இரண்டு குழுக்களையும் ஒப்பிட்டு அட்டவணை கேட்டிருக்கிறாய். தர மாட்டேன்.

புயல் குழு புதுப்புது வசதிகளைச் செய்கிறது. பக்கத்து மேசைகளில் இருக்கும் குழு, பணம் போக வேண்டிய இடத்துக்குத்தான் போகிறதா என்று பார்க்கிறது. அதற்கு 'ஆமை' என்று பெயர் வைத்தது ஒரு புயல்காரன். இவர்கள் அதையே அட்டையில் எழுதி மாட்டிக்கொண்டார்கள். ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு உழைப்பு ஆகும் என்று ஒவ்வொரு குழுவும் தன் கணக்கில் புள்ளி போட்டுக்கொள்ளும். அது அவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் உத்தேசம். "இதை வைத்து மேலிடம் உங்களை எடைபோடாது" என்று முதல் நாளே வாக்குக் கொடுத்தேன். அதை நம்பித்தான் உண்மையைப் போடுகிறார்கள்.

நம் முதல் வேலையில், எழுதிய வரிகளை எண்ணி நமக்கு மதிப்பெண் போட்டாரே ஒரு மேலாளர், அவரை நீ திட்டிய திட்டு என் காதில் இன்னும் இருக்கிறது. இப்போது நீயா?

கோபத்திலும் பிரியம் குறையாத,
வாயாடி


மார்ச் 9

என் வாயாடிக்கு,

உன் நாற்காலியை மாற்றச் சொல்லிவிட்டேன். மாமியாரிடம் நீ நீச்சல் கோச் என்று சொல், கொஞ்சம் பொருந்தும்.

நீ தராவிட்டால் என்ன, புள்ளிகள் என் அறைத் திரையிலேயே தெரிகின்றன. புயல் தொண்ணூறு, ஆமை முப்பது. ஒரு குழுவைக் குறைக்கச் சொல்லிக் கம்பெனித் தலைவர் உத்தரவு. நான் என்ன, சீட்டுக் குலுக்கியா போடுவது? மாதக் கடைசியில் ஆமை கலைகிறது. பாதிப் பேர் புயலுக்கு, மீதிப் பேர் வீட்டுக்கு.

நீ அவர்களுக்கு ஒரு பிரிவுக் கூட்டம் நடத்திக் கொடு. இதமாகச் சொல்ல உன்னைவிட்டால் ஆளில்லை. கோபித்துக்கொள்ளாதே. இங்கே என் நிலைமை உனக்குத் தெரியாது.

உன்,
கடுகு


மார்ச் 13

கடுகு,

இதமாகவா? கழுத்தை அறுப்பது நீ, பஞ்சு வைப்பது நானா?

புயல் டம்ளரில் அளக்கிறது, ஆமை வாளியில் அளக்கிறது. நீ தொண்ணூறு டம்ளருக்குக் கைதட்டிவிட்டு, முப்பது வாளியைக் கொட்டச் சொல்கிறாய். கணக்கில் நம் வகுப்பில் முதலாவது வந்தவள் நீ. வெட்கமாக இல்லை?

போன மாதம் புயல் அவசரமாக வெளியிட்ட வசதியில், சிக்னல் போய்த் திரும்பினால் ஒரே தொகை இரண்டு முறை போய்க்கொண்டிருந்தது. கண்டுபிடித்து அடைத்தது ஆமை. அது உன் திரையில் தெரியாது. நடக்காமல் தடுத்ததற்கு ஏது புள்ளி?

கூட்டத்தைக் கூட்டினேன். இதமாக எல்லாம் இல்லை. இரண்டு குழுக்களையும் உட்காரவைத்து, உன் மெயிலில் இருந்ததை அப்படியே சொன்னேன். ஆமையின் தலைவி, எப்போதும் ஸ்வெட்டரோடு இருக்கும் பெண், என்னைப் பார்த்தே கேட்டாள்: "மேடம், எங்களுக்கும் கூட்டிப் போடத் தெரியாதா? நீங்க சொன்னீங்கன்னுதானே உண்மையைப் போட்டோம்?"

 

மறுநாள் காலை வந்து பார்த்தால், இரண்டு குழுக்களும் எல்லாப் புள்ளிகளையும் நூறால் பெருக்கிவைத்திருந்தன. யோசனை யாருடையது தெரியுமா? ஆமைக்குப் பெயர் வைத்த அந்தப் புயல்காரனுடையது. "இன்னைக்கு அவங்கன்னா நாளைக்கு நாங்கதானே" என்றான். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, தடுக்கவும் இல்லை. பார், உன் திரையை நன்றாகப் பார்.

வாயாடி


மார்ச் 19

வாயாடி,

உட்கார்ந்துகொண்டு படி. புள்ளிகளைக் காட்டும் கோடு திரையின் உச்சியை முட்டியதைத் தலைவர் பார்த்துவிட்டார். பூங்கொத்து அனுப்பியிருக்கிறார், எனக்கு. "இப்படி ஓடுகிற குழுக்களில் எதையும் தொடாதே" என்கிறார். வெள்ளிக்கிழமை ஆண்டுக் கூட்டத்தில் இந்தச் சாதனையைப் பற்றி நான் பேச வேண்டுமாம்.

இது உன் பிள்ளைகளின் குறும்பு என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஆமை பிழைத்துவிட்டது. நீ கேட்டதும் அதுதானே? ஜென்மத்தில் ஒருமுறை வாயை மூடிக்கொண்டிரு. மேடைக்கு வா, உனக்கும் கைதட்டல் வாங்கித் தருகிறேன்.

கடுகு


மார்ச் 20

கடுகு,

சிரித்தேன். மாமியார் பயந்து எட்டிப்பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். அப்புறம்தான் கோபம் வந்தது.

உண்மையான முப்பதுக்குக் கலைப்பாய், பொய்யான மூவாயிரத்துக்கு மாலை போடுவாய். அடுத்த வருஷம் தலைவர் ஆறாயிரம் கேட்பார். அப்போது யாரை வீட்டுக்கு அனுப்புவாய்?

ஆனாலும், மூடிக்கொள்ளலாம் என்று ஒரு மனம் சொன்னது. அவர்கள் பிழைப்பு. அதனால் ஆமையிடமே கேட்டேன். குழுவின் விஷயத்தைக் குழுதான் முடிவு செய்யும் என்று வருஷக்கணக்காக ஓதிவிட்டு, நானா முடிவு செய்வது? ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு சண்டை போட்டார்கள். ஒருவர், வீட்டுக் கடன் இருப்பவர், உண்மையைச் சொல்ல வேண்டாம் என்று கடைசிவரை நின்றார். பிறகு அவரும் கையைத் தூக்கினார். "பொய்யில இருந்துட்டா, அடுத்த தடவை நிஜமா ஒரு தப்பைக் கண்டுபிடிச்சாக்கூட நம்மள யாரு நம்புவா?" என்றாளாம் தலைவி.

தங்கள் நிஜமான வேலை என்ன என்று தலைவருக்கே எழுதியிருக்கிறார்கள். உன் பேச்சு முடிந்த பிறகு அனுப்புவார்கள். அதற்குமுன் நீயாகச் சொல்லிக்கொள்ள உனக்கு வெள்ளிக்கிழமைவரை இருக்கிறது. அந்த அவகாசம் மட்டும் நான் கெஞ்சி வாங்கியது.

போன் செய்யாதே. நீ அழுதால் நான் கரைந்துவிடுவேன். இந்த முறை கரையக்கூடாது.

வாயாடி


மார்ச் 27

வாயாடி,

சொல்லிவிட்டேன். மேடையில், எல்லார் முன்னாலும். புள்ளிகளை ஒப்பிட்டது என் தவறு, ஏறிய கோடு வெறும் கோடு என்று சொன்னேன். தலைவர் ஆமையின் கடிதத்தைப் படித்தார். ஆமை இருக்கும், அதே ஆட்களோடு.

உன் ஒப்பந்தத்தை நான் நீட்டிக்கவில்லை. தலைவர் சொல்லவில்லை, யாரும் சொல்லவில்லை, என் முடிவுதான். நீ செய்ததில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. நானும் ஒரு வாரமாகத் தேடிப் பார்த்துவிட்டேன். தப்பு இருந்திருந்தால் மன்னித்திருப்பேன்.

உனக்கு நற்சான்று எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை.

பதில் எழுதாதே.

கடுகு