மொட்டைமாடியில் உன் கட்டில்

பெயர்: அ. இரம்
வகுப்பு: பன்னிரண்டு, ‘ஆ’ பிரிவு
பாடம்: தமிழ்
வினா: வெளியூரில் வாழும் உன் அக்காவுக்கு, உங்கள் வீட்டு மாடித்தோட்டத்தைப் பற்றி ஒரு கடிதம் எழுதுக.

ஆம்பூர்,
வியாழக்கிழமை.

அன்புள்ள அஃப்ஷா ஆபாவுக்கு,

உன் தங்கை இரம் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். முதலில் உன் வலது கால் பெருவிரலிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இந்தப் பார்சலில் வந்த ஷூவைப் போட்டதும் முனையில் ஏதோ குத்தியிருக்கும். குத்தியது நான்தான்.

உங்கள் கல்யாண நாளுக்கு அம்மி அனுப்பும் இந்தப் பார்சலை உன் மாமியார்தான் பிரிப்பார்கள். ஆற்காடு மக்கன் பேடாவை ஒரு கண்ணால் எண்ணுவார்கள், வக்கார் பாய்க்கு வைத்த சட்டையை உதறிப் பார்ப்பார்கள். ஷூவுக்குள் மட்டும் கைவிட மாட்டார்கள். விட்டாலும் பயப்படாதே. அந்த பெங்களூரு வீட்டில் உருது தெரியும், கன்னடம் தெரியும், தமிழில் ஒரு புள்ளிகூடத் தெரியாது. அதோடு, மேலே பார், பரீட்சைத் தாள் மாதிரியே எழுதியிருக்கிறேன். கேட்டால், ஆம்பூரில் பழைய பரீட்சைத் தாளைத்தான் ஷூ முனைக்குள் அடைப்பார்கள் என்று சொல். அது பொய்யும் இல்லை. என் கணக்குப் பேப்பர்கள் எல்லாம் ஷூவோடு ஷூவாக இந்நேரம் ஜெர்மனியில் செட்டிலாகியிருக்கும். உன் போன் வக்கார் பாயின் சட்டைப்பையில் இருக்கும்வரை நமக்கு இதுதான் தபால்பெட்டி.

இங்கே அம்மி, அப்பா, நான் மூவரும் நலம். நீ நலமா என்று அடுத்த வரியில் கேட்க வேண்டும், அதுதான் கடித இலக்கணம். கேட்கப் போவதில்லை. கை மடக்க வருகிறதா என்று மட்டும் கேட்கிறேன். பக்ரீதுக்கு நீ கட்டோடு வந்தபோது பாத்ரூமில் வழுக்கியதாகச் சொன்னாய். அம்மி ஆமாம் ஆமாம் என்று உனக்கு முன்னால் தலையாட்டினாள். வக்கார் பாய் இருக்கும் கனத்துக்கு அவர்தான் தினம் இரண்டு தடவை வழுக்க வேண்டும். அந்த பாத்ரூமுக்கு ஆள் பார்த்து வழுக்கத் தெரிந்திருக்கிறது.

சரி, வினாவுக்கு வருகிறேன்.

அம்மிக்கு மாடித்தோட்டப் பைத்தியம் பிடித்திருக்கிறது. உபயோகமற்றது என்று உலகத்தில் எதுவுமே கிடையாது, எல்லாவற்றிலும் மண் நிரப்பிச் செடி வைக்கலாம் என்று யூடியூபில் ஒரு அம்மாள் சொன்னார். நம் அம்மி அதை ஹதீஸ் மாதிரி பிடித்துக்கொண்டாள். கைப்பிடி போன குக்கரில் மணிபிளான்ட். விரிசல் விட்ட வாஷ்பேசினில் புதினா. அந்தப் புதினாச் சட்னியை நானும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் சாப்பிடுகிறோம். அப்பா தோல் பதனிடும் டேனரிக்குப் போட்டுப்போன பழைய கம்பூட்ஸில் கற்றாழை முளைத்திருக்கிறது. பார்க்கிறவர்களுக்கு, அப்பா தலைகீழாகப் புதைந்து கால் மட்டும் பச்சையாக வெளியே வந்ததுபோல இருக்கும்.

அடுத்த வீட்டு அமிர்தவள்ளி அக்கா ஷூ கம்பெனியில் தையல் செக்ஷனில் இருக்கிறாள் இல்லையா, அங்கே கழித்துப்போட்ட பிளாஸ்டிக் கால் அச்சுகளை ஒரு மூட்டை கொண்டுவந்து கொடுத்தாள். அம்மி அவற்றுக்குக் கலர் அடித்துச் சுவர் முழுக்க மாட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு தொட்டி தொங்கவிட்டாள். கொடுத்தவளே வந்து பார்த்து மிரண்டுபோனாள். “இன்னாக்கா இது, ஊர்ல இருக்கிறவங்க காலையெல்லாம் வெட்டி மாட்டினாப்ல கீது” என்றாள். அன்றிலிருந்து எனக்கு அந்தச் சுவர்ப்பக்கம் துணி காயப்போடப் பிடிக்கவில்லை.

இதுவரைக்கும் சிரிப்பு. இனிமேல் உன் சாமான்.

பக்ரீத் முடிந்து நீ ரயிலேறிய அடுத்த வாரம் ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்த உன் சைக்கிளுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து, முன்கூடையில் டேபிள் ரோஸ் வைத்தாள். அது உடைந்த சைக்கிள் இல்லை ஆபா. பெல்கூட அடிக்கும். யார் ஓட்டப் போகிறார்கள் என்று அம்மி கேட்டாள். நான் கை தூக்கினேன். எனக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல அம்மி அந்தப் பக்கம் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அப்புறம் உன் தையல் மெஷின். மேலே இருந்ததைக் கழற்றிவிட்டுக் காலை மட்டும் வைத்துப் பலகை போட்டுத் தொட்டிகளை அடுக்கினாள். மிதியை அழுத்தினால் இன்னும் சக்கரம் சுற்றுகிறது. தைக்கத்தான் எதுவும் இல்லை. உன் பீரோக் கண்ணாடி வெளிச்சுவரில் இருக்கிறது. அதில் தினமும் ஒரு காக்கை வந்து தன்னையே கொத்திவிட்டுப் போகிறது.

சாமான் எல்லாம் மாடியேறியதில் நம் அறையில் உன் பக்கம் காலியாகிக்கொண்டே வந்தது. கடைசியில் ஜன்னலோரத்தில் உன் இரும்புக் கட்டில் மட்டும்தான் மிச்சம். அதை அம்மி தொடவில்லை. நான்கூட, போகட்டும், இதை விட்டுவிட்டாள் என்று நினைத்தேன்.

அப்புறம் போன மாதம் நீ அங்கே பக்கத்து வீட்டம்மா போனிலிருந்து பேசினாய். அப்பாவை விசாரிக்கவில்லை, என்னை விசாரிக்கவில்லை. “அம்மி, என் கட்டில் இருக்குதா?” என்று ஒரே கேள்வி. போன் ஸ்பீக்கரில் இருந்தது ஆபா. நீ கேட்டது இங்கே மூன்று பேருக்கும் புரிந்தது. அப்பா ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டினார். அம்மி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், கத்தியைக்கூடக் கீழே வைக்கவில்லை. “இருக்குதும்மா, எங்கே போவப் போவுது” என்றாள். நீ உடனே போனை வைத்துவிட்டாய். உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

மறுநாள் காலை இரண்டு ஆள் வந்து கட்டிலை மொட்டைமாடிக்கு ஏற்றினார்கள். பலகையை உருவிவிட்டு, டேனரியின் நீல பேரலை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து உள்ளே படுக்கவைத்தார்கள். செம்மண், எரு, அதன்மேல் கழுத்துவரை டேபிள் ரோஸ். தலைமாட்டில் சங்குப்பூக் கொடி. அம்மி உன்னிடம் பொய் சொல்லவில்லை பார். கட்டில் இருக்கிறது. அடுத்தவன் வாயில் மண் போடுவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன், படுக்கையில் போட்டதை அன்றுதான் பார்த்தேன்.

அம்மி அதை வீடியோ எடுத்துப் போட்டாள். இதய இதயமாக வந்து விழுந்தது. இதில் படுத்தால் எவ்வளவு சுகமாக இருக்கும் என்று யாரோ எழுதியிருந்தார்கள். தலைமாட்டுக் கம்பியில் நீ பரீட்சைக்கு ஒட்டிய நேர அட்டவணை பாதி கிழிந்து அந்த வீடியோவிலும் தெரிகிறது. மற்ற செடிக்கெல்லாம் நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன். கட்டிலுக்கு மட்டும் அம்மி என்னை விடமாட்டாள். விடியற்காலை தொழுகை முடிந்ததும் தனியாக மாடிக்குப் போய் அவளே ஊற்றுவாள். ஊற்றிவிட்டு உடனே கீழே வரமாட்டாள். ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, களை எதுவும் இல்லாத இடத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். பாவமாக இருந்தது. பாவப்பட்டுக்கொண்டே திட்டினேன், மனதுக்குள்.

எதற்காக இவ்வளவு என்று கேட்பாய். எனக்காக. சம்பந்தம் பேசும் அஜீஸுன்னிசா காலா வாணியம்பாடியிலிருந்து எனக்கு ஒரு இடம் கொண்டுவந்திருக்கிறாள். நிக்காஹ் நான் படிப்பை முடித்துப் பதினெட்டு ஆனபிறகுதானாம், இப்போது சும்மா பார்த்துவிட்டுப் போவார்களாம். ஷூ கடையில் வாங்காமல் போட்டுப் பார்ப்பதுபோல. காலா வந்த அன்றைக்கே அம்மியிடம் கறாராகச் சொல்லிவிட்டாள். “ஜஹீதா, பெரிசு திரும்பி வந்து வூட்ல குந்திக்கினா சின்னதை எவன் கேப்பான்? ஜாஸ்தி யோசிக்காதே, அதை அங்கேயே இருக்கச் சொல்லு” என்றாள். அம்மி டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். மறுக்கவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். எனக்கு இடம் பார்க்க உன் இடத்தை எடுத்துக்கொண்டார்கள் ஆபா. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வரும் ஞாயிறு நான்கு மணிக்கு வருகிறார்கள். மாடித்தோட்டத்தைக் காட்டி டீ கொடுப்பதாக ஏற்பாடு. நடுவில் உன் கட்டில்தான் கதாநாயகி.

எனக்கு வந்ததே ஒரு யோசனை. தோல் மண்டிக்குப் பின்னால் பச்சைத் தோலை உதறிக் கொட்டிய உப்பு குவிந்துகிடக்குமே, முடியும் ரத்தமுமாகப் பழுப்பாக. அது விழுந்த இடத்தில் எருக்கஞ்செடிகூட யோசித்துத்தான் முளைக்கும். டிபன் பாக்ஸில் அள்ளி வந்தேன். அம்மி தன் பாசத்தை எல்லாம் காலையில் ஊற்றிவிட்டுப் போனபிறகு, நான் சாயங்காலம் போய் உப்புத் தண்ணீர் ஊற்றினேன். நாலைந்து நாளில் டேபிள் ரோஸ் மடிந்து கூழாகிவிட்டது. சங்குப்பூ தலைமாட்டுக் கம்பியைப் பிடித்தபடியே கருகிப்போனது. அம்மி திருஷ்டி என்றாள். எலுமிச்சம்பழம் கட்டினாள், அதற்கும் உப்புத் தண்ணீர் கிடைத்தது. பிறகு, பேரலைச் சரியாகக் கழுவவில்லை என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா மாடிக்கு வந்தார். குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நுனிநாக்கில் வைத்தார். தோலோடே கிடந்து தலை நரைத்தவருக்கு அந்த உப்பு தெரியாதா? என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த டிபன் பாக்ஸைப் பார்த்தார். அவர் லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு, “பேரல்தான் கெட்டது, பேஜார் பிடிச்ச பேரல். எல்லாத்தையும் எடுத்துடலாம்” என்று அம்மியிடம் சொன்னார். டிவி சத்தத்தைக் கூட்டத் தெரிந்தவர் என்றுதான் அவரை இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

நேற்று நானும் அப்பாவும் மண்ணைக் கொட்டிவிட்டுக் கட்டிலைக் கீழே இறக்கினோம். துருவைத் தேய்த்தேன். பழைய பலகையைத் தேடிப் பிடித்துப் போட்டேன். ஜன்னலோரத்தில் அதே இடம். சந்தோஷப்படாதே, அவசரப்படு. செத்த செடியை விருந்தாளி பார்க்கக் கூடாது என்பதால்தான் அம்மி இறக்க விட்டாள். மேலே ஒரு பெட்ஷீட்டைப் போர்த்தி, ஞாயிறு முடியட்டும், திங்கட்கிழமை காயலான் கடைக்காரனைக் கூப்பிட்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் செய்வாள். உன் கேள்விக்கு ஞாயிறு வரைக்கும்தான் பதில் இருக்கிறது.

ஆகவே கேள். உன் மாமியார் ஞாயிறு காலையில் மார்க்கப் பேச்சுக் கேட்கப் பெண்கள் பயானுக்குப் போவார்கள், வக்கார் பாய் கடையில் இருப்பார். நீ புர்காவைப் போட்டுக்கொண்டு காய் வாங்கப் போகிறவள்போல இறங்கு. பெட்டி வேண்டாம், பை வேண்டாம். ஷூவை மட்டும் போட்டுக்கொள். அது எக்ஸ்போர்ட்டில் கழித்தது, இடது பக்கம் தையல் கொஞ்சம் கோணல், ஆனால் அடி வழுக்காது. அமிர்தவள்ளி அக்காவிடம் அதை மட்டும்தான் கேட்டு வாங்கினேன்.

இடது ஷூவின் முனையையும் பிரித்துப் பார். ரயில் டிக்கெட் இருக்கும். அதை அடைத்தது நான் இல்லை. ஞாயிறு என்று மட்டும்தான் அப்பாவிடம் சொன்னேன், அவர் ஏன் என்று கேட்கவில்லை. அவரே வந்து அழைத்துப் போவார் என்று எதிர்பார்க்காதே. டிக்கெட் வாங்குவதோடு அவர் தைரியம் தீர்ந்துவிட்டது. நீதான் வர வேண்டும்.

நான்கு மணிக்கு மேல் வா. வாணியம்பாடிக்காரர்கள் உட்கார்ந்து, அம்மி சிரித்த முகத்தோடு தட்டை நீட்டிக்கொண்டிருக்கும்போது வாசலில் வந்து நில். அத்தனை பேர் முன்னால் அவளால் உன்னைத் திருப்பி அனுப்ப முடியாது. சிரிப்பை எடுக்கவும் முடியாது. உனக்கும் ஒரு டீ ஊற்றித்தான் ஆக வேண்டும். அஜீஸுன்னிசா காலாவின் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். அந்தச் சம்பந்தம் எழுந்து போனால் போகட்டும், நீ கவலைப்படாதே. என் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய குறும்பு இனி எனக்கு வாய்க்காது. கெடுத்துவிடாதே. அவர்கள் போனபிறகு அம்மி என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது. அடிப்பாள். அழுவாள். இரண்டையும் சேர்த்துச் செய்வாள். கட்டிலில் நாம் இரண்டு பேரும் ஏறி உட்கார்ந்துகொள்வோம். காயலான் கடைக்காரன் நம்மோடு சேர்த்து எடைபோட்டு எடுத்துப்போகட்டும்.

உன் கையை அல்லாஹ் பத்திரமாக வைக்கட்டும். கதவைத் திறக்க அது ஒன்று போதும். வந்துவிடு ஆபா.

இப்படிக்கு,
உன் அன்புத் தங்கை,
இரம்.

பி.கு.: பார்சல் மேல் முகவரி எழுத அம்மி என்னிடம்தான் கொடுத்தாள். க/பெ வக்கார் அகமது என்று எழுத வைத்தாள், எழுதினேன். பரீட்சையில் கடிதம் எழுதினால் உறைமேல் முகவரிக்குத் தனி மதிப்பெண் உண்டு. அதைச் சரியாக இங்கே எழுதிவிடுகிறேன்.

உறைமேல் முகவரி:

அஃப்ஷா,
த/பெ அப்துல் வஹீத்,
ஜன்னலோரக் கட்டில்,
கீழ்த்தளம்,
ஆம்பூர்.