வாயைத் திறந்தால் இருட்டு

5-3-73, திங்கள்

காலையிலேயே புழுக்கம். காற்று பன்னிரண்டு மணிக்குத்தான் வந்தது.

பிலோ அக்காவின் மீன் வண்டியில் அச்சுக்கு மேலே விரிசல். தள்ளிக்கொண்டு வந்து என் வாசலில் நிறுத்திவிட்டாள். இந்த வெள்ளி தவக்காலத்தின் முதல் வெள்ளி. கொருக்குப்பேட்டை முழுக்க மீன் கேட்கும்.

"நீ ஒட்டுறியாடா? பாலத்தாண்ட கீற வெல்டராண்ட சொல்லி வச்சிகீறேன். வியாழக்கெழமக்குள்ள நீ முடிக்கலன்னா அவன் வந்துடுவான்."

"எவனும் வாணாங்க்கா, நானே ஒட்டுறேன்."

வாய்க்கொழுப்பு. சுமை தூக்குகிற வின்ச்சில் மாட்டியதிலிருந்து இடது கையில் மூன்று விரல் மடங்காது. ஒரு வருடமாகத் துறைமுகத்தில் எனக்கு வெல்டிங் இல்லை, ஸ்டோரில் டோக்கன் கொடுக்கிற உத்தியோகம். ஏலத்தில் எடுத்த மிஷின் பின்கட்டில் சாக்கைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறது.

இருபது வருடமும் கைப்பிடி வைத்த முகமூடிதான். வலது கையில் ராடு. நெருப்பு பற்றுகிற நேரத்துக்கு இடது கை கண்ணாடியைக் கண்ணுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தும். இனி நிறுத்தாது. தலையில் மாட்டுகிற முகமூடி வேண்டும்.

வாங்க: முகமூடி. கறுப்புக் கண்ணாடி, 11ஆம் நம்பர். வீட்டுக்காரி மேரிக்குத் தேங்காயெண்ணெய்.

6-3, செவ்வாய்

வேலை முடிந்து நேரே மண்ணடி. மூன்று கடை.

முதல் கடை: கப்பலில் வந்த சரக்கு. இறகு மாதிரி லேசு. விலையைக் கேட்காமலே இருந்திருக்கலாம்.

இரண்டாவது: கேஸ் வெல்டிங் கண்ணாடி. மலிவு. கண்ணுக்கும் கறுப்பு போதாது, மூஞ்சியும் கருவாடு.

மூன்றாவது: பழையது, தலைப்பட்டை மட்டும் புதுசு. கறுப்புக் கண்ணாடியைக் கதவு மாதிரி மேலே தூக்கலாம், உள்ளே வெள்ளைக் கண்ணாடி. கடை பாய், "நைனா, இத்த போட்டா சூரியனே உனுக்கு சலாம் போடும்" என்றார். வெயிலில் பிடித்துப் பார்த்தேன். சூரியன் பச்சையாக, நெல்லிக்காய் அளவு. கூசவில்லை. வாங்கிவிட்டேன்.

எண்ணெய் மறந்துபோச்சு. மேரி முகம் உர்ர்.

7-3, சாம்பல் புதன்

பூசை. நெற்றிச் சாம்பலைத் தலைப்பட்டை அழித்துவிட்டது. ஒருசந்தி, ஒரே வேளைச் சோறு, பசி.

சாயங்காலம் துண்டுத் தகட்டில் சோதனை. கதவைத் தூக்கி இடத்தைப் பார்த்து ராடை வைக்கிறேன். சரி. கதவை யார் இறக்குவது? இடது கை எழும்புவதற்குள் ராடு நகர்ந்துவிடுகிறது. தலையை வெடுக்கென்று ஆட்டினேன். கதவு விழுந்தது, ராடும் அரை அங்குலம் தள்ளிப் போனது. ஆறு தடவை. ஆறும் கோணல். ஏழாவதில் கதவு விழுமுன் நெருப்பு.

இப்போது கண்ணில் மணல் கொட்டின எரிச்சல். மேரி உருளைக்கிழங்கை நறுக்கிக் கண்மேல் வைத்திருக்கிறாள். ஒற்றைக் கண்ணால் எழுதுகிறேன். பயமாக இருக்கிறது. கை போனதோடு தொழிலும் போயிற்றா? அக்காவிடம் அந்தப் பாலத்து வெல்டரையே வரச் சொல்லலாம். சொல்ல வாய் வரவில்லை. எனக்கே!

8-3, வியாழன்

லீவு. கண் தேவலை, சிவப்பு மட்டும்.

மேரி பூ கட்டிக்கொண்டிருந்தாள், நூல் பல்லில். பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுந்து போய்த் தூண்டில் நரம்பு எடுத்து வந்தேன். ஒரு முனை கறுப்புக் கதவில். மறுமுனை மோவாய்க்கிட்ட ஓட்டை போட்டு என் பல்லுக்கு. கடித்தால் கதவு மேலே. விட்டால் தானாக விழும். தலை அசையாது, ராடும் அசையாது!

ஒரே கோளாறு, நான்.

"காபி வோணுமாய்யா?"

"வேணும்." டப். இருட்டு.

பக்கத்து வீட்டுக்காரர்கள் வேண்டுமென்றே வந்து வந்து மணி கேட்டார்கள். மேரி சொன்னாள்: "பத்து வருசமா நான் தேடிகினு இருந்த மிஷினு இதாய்யா."

ஐந்து மணிக்கு அக்கா. வண்டியைப் பிடித்துக்கொண்டாள். கடித்தேன், பார்த்தேன், ராடை வைத்தேன். மனசுக்குள் ஒரு சின்ன ஜெபம். "ஆமென்." கதவு விழவும் நெருப்பு பற்றவும் சரியாக இருந்தது. வரிசை வீட்டு பல்பு எல்லாம் மங்கி, ஆளாளுக்குத் திட்டு. ஒன்பது இடம், ஒன்பது ஆமென். அக்காவும் கண்ணை இறுக மூடிக்கொண்டு கூடவே சொன்னாள்.

சுத்தியால் தட்டினதும் கசடு உதிர்ந்தது. அடியில் மீன் செதில் அடுக்கின மாதிரி தையல், ஒரே சீர். என் பழைய கைதான். பார்த்ததும் கதவை விழவிட்டேன், உள்ளே அழுதுகொண்டிருந்தேன்.

அக்கா தையலை ஓங்கி ஒரு உதை விட்டாள். "தாங்கும்டா" என்றாள். போய்விட்டாள்.

9-3, வெள்ளி

வண்டி முழுச் சுமையோடு ரயில்வே கேட்டை இரண்டு நடை தாண்டியது. அலுங்கவில்லை. வஞ்சிரத் தலை ஒன்று நமக்கு. மேரிக்கு எண்ணெயும் வாங்கியாச்சு.

பாலத்து டீக்கடையில் அந்த வெல்டர். விடுவேனா? "இன்னா தோஸ்து, எங்கக்கா வண்டி கைக்கு வரலன்னு பேஜாரா?"

"அது திங்கக்கெழமயே வாணான்ட்டாங்களே நைனா. உன் வூட்ல வண்டிய வுட்டுட்டு நேரா இங்க வந்தாங்க. 'என் தம்பி ஒட்டுவான், நீ வராத'ன்னாங்க."

திங்கட்கிழமை என்னிடம் முகமூடியே இல்லை.

டீ குடித்தேன். பல்லில் நரம்பு இல்லை, ஆனாலும் பேச்சு வரவில்லை.